டிவியில் வரும் குத்துச்சண்டையில் காசு யாருக்குப் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு பெரிய சண்டை முடிந்ததும் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இத்தனை கோடி யார் கைக்குப் போனது, பார்ப்பதற்கே ஏன் இவ்வளவு கேட்கிறார்கள், எல்லோரும் கேட்ட சண்டை ஏன் ஐந்து வருஷம் இழுத்தது என்று. தொழில்முறைக் குத்துச்சண்டையின் பணக் கணக்கை ரொம்ப நாளாகப் பின்தொடர்ந்து வருகிறேன், தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அமெரிக்காதான் அதிகம் வரும், இந்த வியாபார முறைகளில் பெரும்பாலானவை அங்கே உருவானவை.

ஒரு பெரிய சண்டைக்குப் பணம் எங்கிருந்தெல்லாம் வருகிறது?

டிவி அல்லது ஸ்ட்ரீமிங் பணம், அரங்க டிக்கெட் வசூல் (தொழிலில் இதை 'கேட்' என்பார்கள்), சண்டையைத் தங்கள் இடத்துக்கு இழுக்க ஒரு கேசினோவோ அரசோ கொடுக்கும் 'சைட் ஃபீ', ஸ்பான்சர்கள், வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமை. சட்டை, தொப்பி விற்பனையெல்லாம் சில்லறை.

எது பெரிசு என்பது சண்டைக்குச் சண்டை மாறும். 2015 மே 2 அன்று லாஸ் வேகாஸில் நடந்த அமெரிக்காவின் ஃபிளாய்ட் மேவெதர் - பிலிப்பைன்ஸின் மேனி பக்கியாவ் சண்டையில் டிக்கெட் வசூல் மட்டும் சுமார் 7.2 கோடி டாலர். உள்ளே உட்கார்ந்தவர்கள் 16,000 சொச்சம் பேர்தான், அப்படியென்றால் ஒரு சீட் சராசரியாக என்ன விலை போயிருக்கும் என்று பாருங்கள். அவ்வளவு வந்தும் அது துணை வருமானம்தான். பே-பெர்-வியூ, அதாவது அந்த ஓர் இரவுக்கு மட்டும் தனியாகக் காசு கட்டி வீட்டில் பார்ப்பது, அமெரிக்காவில் மட்டும் 46 லட்சம் இணைப்புகள் விற்று 40 கோடி டாலரைத் தாண்டியது. அரங்கத்தில் வந்ததைப் போல ஐந்தரை மடங்கு. சின்ன ஹாலில் நடக்கும் சண்டையில் நிலைமை தலைகீழ், டிவி பணம் என்று ஒன்றே இருக்காது, டிக்கெட்தான் எல்லாம்.

நான் 100 டாலர் கட்டினால் வீரருக்கு எவ்வளவு போகும்?

முதலில் கை வைப்பது உங்கள் வீட்டுக்கு இணைப்பு கொடுத்திருக்கும் கேபிள் அல்லது சாட்டிலைட் நிறுவனம். பழைய வழக்கப்படி அவர்களுக்கே ஏறக்குறைய பாதி போய்விடும். ஒரு கேமராகூட வைக்காமல், ஒரு வீரருக்கும் சம்பளம் கொடுக்காமல் பாதி! தயாரித்து வழங்கும் சேனல் அடுத்து ஒரு சிறு சதவீதம் எடுக்கும். மிச்சம் சண்டையை ஏற்பாடு செய்து நடத்தும் புரமோட்டரிடம் வரும். அதிலிருந்து விளம்பரச் செலவு, ஒளிபரப்புத் தயாரிப்பு, முதன்மைச் சண்டைக்கு முன்னால் நடக்கும் ஐந்தாறு அண்டர்கார்டு சண்டைக்காரர்களின் ஊதியம், பயணம், ஹோட்டல், காப்பீடு எல்லாம் கழியும். அதற்குப் பிறகு இருப்பதைத்தான் ஒப்பந்தப்படி பிரிப்பார்கள். மேவெதர் - பக்கியாவ் சண்டையில் 60க்கு 40 என்று பிரிந்தது.

எல்லா வீரருக்கும் இந்தப் பங்கு கிடையாது என்பதைக் கவனியுங்கள். போஸ்டரில் பெயர் பெரிதாக வரும் இருவருக்கும்கூட எப்போதும் கிடைக்காது. பொதுவாக ஒரு உத்தரவாதத் தொகை பேசுவார்கள், இத்தனை லட்சம் இணைப்புகளுக்கு மேல் விற்றால் ஒவ்வொன்றுக்கும் இத்தனை டாலர் என்று மேலே ஒரு பங்கு சேரும். அந்த 'இத்தனை லட்சம்' என்ற கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் வக்கீல்கள் மல்லுக்கட்டுவார்கள். கோடு உயரமாக இருந்தால், பங்கு என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும்.

செய்தியில் வரும் பர்ஸ் தொகை, அதாவது சண்டைக்கான ஊதியம், அப்படியே கைக்கு வருமா?

வராது. இரண்டு பக்கமும் தப்பாக இருக்கும். பெரிய நட்சத்திரங்களுக்கு, நெவாடா மாதிரி மாநிலங்களின் ஆணையத்தில் பதிவான தொகை உத்தரவாதம் மட்டுமே. பே-பெர்-வியூ பங்கு அதில் வராது, உண்மையில் வாங்கியது பல மடங்கு இருக்கலாம்.

கீழே இருப்பவர்களுக்கு நேர்மாறு. ஒரு பேச்சுக்கு, ஆறு சுற்றுச் சண்டைக்கு ஒருவருக்கு 10,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் மூன்றில் ஒரு பங்கு வரை எடுக்கலாம், 3,300 போனது. பயிற்சியாளருக்கு வழக்கமாகப் பத்து சதவீதம், இன்னொரு 1,000. வெட்டுக்காயம் பார்க்கும் கட்மேனுக்குத் தனி. பயிற்சிச் சண்டைக்கு (ஸ்பாரிங்) துணையாக வந்தவர்களுக்குக் கூலி, மருத்துவப் பரிசோதனைகள், ஜிம் செலவு, சாப்பாடு, கடைசியில் வரி. எட்டு வாரம் உடம்பை வருத்திப் பயிற்சி எடுத்து, ரிங்கில் அடிவாங்கி, கையில் நிற்பது நாலாயிரம் நிற்குமா என்பதே கேள்வி. பட்டச் சண்டையாக இருந்தால் பெல்ட் கொடுக்கும் அமைப்புக்கும் சுமார் மூன்று சதவீதம் கட்ட வேண்டும்.

புரமோட்டரும் மேனேஜரும் ஒருவர்தானா?

இருக்கவே கூடாது. மேனேஜர் வீரருடைய ஆள், வீரருக்கு எவ்வளவு அதிகம் வாங்க முடியுமோ அவ்வளவு வாங்கித் தருவது அவர் வேலை. புரமோட்டர் சண்டையை நடத்துகிற முதலாளி, வீரருக்கு எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறாரோ அவ்வளவு அவருக்கு மிச்சம். இரண்டையும் ஒரே குடும்பம் செய்தால் வீரர் பக்கம் பேச யாருமே இல்லை. ஆனால் பல பத்தாண்டுகள் இப்படித்தான் நடந்தது.

இதைத் தடுக்கத்தான் 2000ல் அமெரிக்காவில் முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. புரமோட்டர், மேனேஜர் இருவருக்கும் நடுவே அது சுவர் எழுப்பியது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: அந்தச் சண்டையிலிருந்து தனக்கு எவ்வளவு வருகிறது என்பதை புரமோட்டர் வீரரிடம் சொல்லியாக வேண்டும். டிவி உரிமை இவ்வளவு, சைட் ஃபீ இவ்வளவு என்று தெரிந்தால்தானே பேரம் பேச முடியும். நல்ல சட்டம். ஆனால் அமல்படுத்தத் தனி அமைப்பு எதுவும் இல்லை, அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது. ஏமாற்றப்பட்டதாக நினைக்கிற வீரர் தானே கோர்ட்டுக்குப் போக வேண்டும். மைக் டைசன் 1998ல் தன் புரமோட்டராக இருந்த டான் கிங் மீது 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், 2004ல் 1.4 கோடிக்குச் சமரசம் ஆனது. டைசனுக்கே ஆறு வருஷம்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் மேவெதர். 2006ல் 7.5 லட்சம் டாலர் கொடுத்து டாப் ரேங்க் என்ற புரமோட்டர் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரே முதலாளி மாதிரி, ரிஸ்க்கும் அவருடையது, மேலே வரும் லாபமும் அவருடையது. அடுத்த வருஷமே டி லா ஹோயாவுடன் மோதிய சண்டை 24 லட்சம் பே-பெர்-வியூ விற்று அப்போதைய சாதனையை உடைத்தது. குத்துச்சண்டை வரலாற்றில் ஒரு வீரர் செய்த ஆகச் சிறந்த முதலீடு அந்த ஏழரை லட்சம் என்றுதான் நான் சொல்வேன்.

புரமோட்டருக்கு நஷ்டமே வராதா?

வரும், அடிக்கடி வரும். உத்தரவாதத் தொகையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டு இணைப்புகள் விற்காமல் போனால் இடி அவர் தலையில்தான். வளரும் வீரரை நாலைந்து வருஷம் நஷ்டத்தில் ஏற்றிவிட்டு, அவர் ஒரே குத்தில் விழுந்தால் போட்டதெல்லாம் போச்சு. புரமோட்டர்கள் நீண்ட ஒப்பந்தம், ரீமேட்ச் உரிமை என்று கட்டிப்போடுவதன் காரணம் இதுதான். காரணம் புரிகிறது, ஆனால் கட்டு சில சமயம் கழுத்தை இறுக்கும் அளவுக்குப் போய்விடுகிறது.

ஒரு காலத்தில் இலவசமாகத்தானே பார்த்தார்கள்?

ஆமாம். டிவி வந்த புதிதில் அமெரிக்காவில் குத்துச்சண்டைதான் அதன் செல்லப்பிள்ளை. சின்ன ரிங், இரண்டு பேர், ஓரிரு கேமரா போதும், தயாரிக்க மலிவு. ஜில்லெட் பிளேடு நிறுவனம் வெள்ளிக்கிழமை இரவுகளில் என்பிசி சேனலில் 1960 வரை நடத்தியது. மூன்று நிமிடச் சுற்று, நடுவில் ஒரு நிமிட இடைவெளி, விளம்பரத்துக்கென்றே அளந்து வைத்த மாதிரி.

ஆனால் அந்த இலவசத்துக்கு ஒரு விலை இருந்தது. வாரத்தில் பல இரவுகள் வீட்டிலேயே சண்டை கிடைத்தால் பக்கத்துத் தெரு ஹாலுக்கு டிக்கெட் வாங்கி யார் போவார்கள்? சின்ன கிளப்புகள் வரிசையாகச் செத்தன, நியூயார்க்கின் செயின்ட் நிக்கோலஸ் அரீனா 1962ல் மூடியது. அந்த கிளப்புகளில்தான் புது வீரர்கள் தொழில் கற்றார்கள். போதாததற்கு, டிவி சண்டைகளைக் கையில் வைத்திருந்த இன்டர்நேஷனல் பாக்ஸிங் கிளப் ஏகபோகம் என்று கூறி அதைக் கலைக்க உச்ச நீதிமன்றம் 1959ல் உத்தரவிட்டது. 1962 மார்ச்சில் ஏபிசி நேரலையில் எமில் கிரிஃபித்திடம் அடிவாங்கி விழுந்த பென்னி பாரெட் சில நாட்களில் இறந்தார். நாடே பார்த்தது. வாராந்திர ஒளிபரப்பு 1964ல் நின்றது.

பெரிய சண்டைகள் ஏற்கெனவே தியேட்டருக்குப் போயிருந்தன, குளோஸ்ட்-சர்க்யூட் என்ற முறை. சினிமா தியேட்டரில் டிக்கெட் வாங்கி நேரலை பார்ப்பது. 1971 மார்ச் 8, அலி - ஃபிரேசியர் முதல் சண்டையில் இருவருக்கும் தலா 25 லட்சம் டாலர், அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை. ஆனால் அது மொத்தமாகப் பேசிய தொகை, பங்கு இல்லை. தியேட்டர் வசூல் அவர்களுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு வந்தது, அது சண்டையை நடத்திய ஜெர்ரி பெரன்சியோவும் பண முதலீட்டாளர் ஜாக் கென்ட் குக்கும் சேர்ந்த கணக்கு.

1973 ஜனவரியில் ஜமைக்காவில் ஃபோர்மேன் ஃபிரேசியரைச் சாய்த்த சண்டையோடு எச்பிஓ உள்ளே வந்தது. அது சந்தா சேனல், விளம்பரம் தேவையில்லை, புரமோட்டருக்கு நேரடியாக ஒளிபரப்புக் கட்டணம் கொடுத்தது. 45 வருஷம் அந்தப் பணம்தான் உயர்மட்டக் குத்துச்சண்டையைத் தாங்கியது. 1991ல் ஹோலிஃபீல்ட் - ஃபோர்மேன் சண்டையோடு எச்பிஓ தன் பே-பெர்-வியூ பிரிவையும் தொடங்கியது. அந்த நாளிலிருந்து பெரிய சண்டைகள் இன்னொரு சுவருக்குப் பின்னால் போயின.

பே-பெர்-வியூ குத்துச்சண்டையை வளர்த்ததா, அழித்ததா?

மேலே இருந்த ஒரு கைப்பிடி பேரை வளர்த்தது. விளையாட்டை அழித்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் விதைநெல்லை எடுத்துச் சாப்பிட்டதற்குச் சமம். 46 லட்சம் இணைப்பு என்றால் 40 கோடி டாலர், பிரமாதம். ஆனால் அந்த இரவில் காசு கட்ட முடியாத வீட்டுப் பன்னிரண்டு வயசுப் பையன் அந்தச் சண்டையைப் பார்க்கவில்லை. இருபது வருஷம் கழித்து காசு கட்ட வேண்டியவன் அவன்தான். மேவெதர், பக்கியாவ் இருவரையும் மக்கள் அறிந்தது இலவச சேனலிலோ மாதச் சந்தாவிலோ வளரும் காலத்தில் பார்த்ததால்தான். அந்த ஏணியின் கீழ்ப்படிகளுக்குப் பணம் வருவது குறைந்துகொண்டே வந்தது, மேல்படியில் மட்டும் விலை ஏறியது. 2007ல் சுமார் 55 டாலராக இருந்தது 2015ல் ஹெச்டியில் 100 டாலரைத் தொட்டது.

அப்படியானால் மறுபடி இலவச சேனலுக்குக் கொண்டுவந்து பார்க்கக் கூடாதா?

பார்த்தார்கள். 2015ல் மேவெதரின் ஆலோசகர் அல் ஹேமன் பிரீமியர் பாக்ஸிங் சாம்பியன்ஸ் என்ற பெயரில் என்பிசி, சிபிஎஸ் என்று பல சேனல்களில் ஒரே சமயத்தில் இறங்கினார். மார்ச் 7 அன்று தர்மன் - கெரேரோ சண்டை என்பிசியில் சனிக்கிழமை இரவு முக்கிய நேரத்தில் வந்தது. விஷயம் என்னவென்றால், பெரும்பாலும் சேனல் அவருக்குக் காசு கொடுக்கவில்லை, அவர் சேனலுக்குக் காசு கொடுத்து நேரத்தை வாங்கினார். முதலீட்டாளர் பணத்தை இறைத்து முதலில் ரசிகர்களைச் சேர்ப்போம், அப்புறம் சேனல்களே உரிமைக்குக் காசு கொடுக்கும் என்பது கணக்கு. பார்வையாளர்கள் ஓரளவு வந்தார்கள், ஆனால் விளம்பரப் பணம் செலவை ஈடுகட்டும் அளவுக்கு வரவில்லை. ரத்தம் தெறிக்கும் விளையாட்டில் பெயர் போட பெரிய பிராண்டுகள் பல இன்னும் தயங்குகின்றன. கடைசியில் அவரும் ஷோடைம் என்ற சந்தா சேனல், ஃபாக்ஸ், பே-பெர்-வியூ என்று பழைய வழிக்கே வந்தார். முயற்சி தப்பு என்று நான் நினைக்கவில்லை, இன்னும் சில வருஷம் தாக்குப்பிடிக்கப் பணம் இருந்திருக்க வேண்டும்.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகு என்ன மாறியது?

2018 ஒரே வருஷத்தில் எல்லாம் புரண்டது. தங்கள் சந்தாதாரர்கள் குத்துச்சண்டைக்காகச் சேர்வதில்லை என்று சொல்லி எச்பிஓ டிசம்பரோடு விலகியது. அதே வருஷம் டசோன் என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனம், மேட்ச்ரூம் என்ற பிரிட்டிஷ் புரமோட்டர் நிறுவனத்துடன் எட்டு வருஷத்துக்கு 100 கோடி டாலர் ஒப்பந்தம் அறிவித்தது, அப்புறம் மெக்சிகோ நட்சத்திர வீரர் கனெலோ ஆல்வாரெஸுடன் 11 சண்டைக்கு 36.5 கோடி டாலர். பே-பெர்-வியூ செத்தது என்றே விளம்பரம் செய்தார்கள். மாதம் பத்து டாலரில் தொடங்கினார்கள், சில மாதங்களிலேயே இருபது ஆக்கினார்கள்.

கணக்கு எங்கே இடித்தது என்றால், சந்தாக்காரர் பெரிய சண்டை இருக்கும் மாதம் சேர்ந்து அடுத்த மாதம் விலகிவிடுவார். கால்பந்து லீக் மாதிரி வாராவாரம் கட்டிப்போட இங்கே எதுவும் இல்லை. 2020ல் கனெலோ வழக்குப் போட்டு ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார். 2022 மே மாதம் அதே கனெலோ, பிவோலுடன் மோதிய சண்டையை டசோன் பே-பெர்-வியூவாகவே விற்றது. 2023 முடிவில் ஷோடைமும் மூட்டை கட்டியது.

நெட்ஃப்ளிக்ஸ்?

2024 நவம்பர் 15, யூடியூபராக இருந்து குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பால் - டைசன். 58 வயது டைசன், சண்டை என்று பார்த்தால் ஒன்றுமில்லை, பல இடங்களில் படமும் நின்று நின்று வந்தது. ஆனால் உலகம் முழுக்க 10.8 கோடி பேர் பார்த்ததாக நெட்ஃப்ளிக்ஸ் சொன்னது. 2025 செப்டம்பர் 13 அன்று கனெலோ - கிராஃபோர்ட், இது நிஜமான சண்டை, 4.1 கோடிக்கு மேல் பார்வையாளர்கள் என்றார்கள். கூடுதல் காசு கிடையாது, மாதச் சந்தா போதும். பே-பெர்-வியூவில் இந்த எண்ணிக்கை கனவிலும் வராது. வருஷத்துக்கு ஒரு சில சண்டைதான் என்றாலும், பல வருஷங்களில் எனக்கு நம்பிக்கை கொடுத்த ஒரே மாற்றம் இது.

எல்லோரும் கேட்கும் சண்டை ஏன் நடப்பதே இல்லை?

ஒவ்வொரு வீரரும் ஒரு புரமோட்டரிடம், ஒவ்வொரு புரமோட்டரும் ஒரு சேனலிடம் கட்டுண்டிருப்பதால். இந்த வீரர் அந்த சேனலில் போய்த் தோற்றால் இங்கே வருஷக்கணக்கில் போட்ட முதலீடு அங்கே போய்ச் சேரும். ஆகவே இரண்டு பக்கமும் எளிய எதிராளியோடு சம்பாதித்துக்கொண்டே காத்திருக்கும்.

மேவெதர் - பக்கியாவ் பேச்சு 2009 கடைசியிலேயே தொடங்கியது. ஊக்கமருந்துப் பரிசோதனையில் தகராறு, பின்னர் பணப் பங்கு, பின்னர் ஒருவர் எச்பிஓ, இன்னொருவர் ஷோடைம். 2015ல் இரண்டு சேனலும் சேர்ந்து ஒளிபரப்பியபோது மேவெதருக்கு 38 வயது, பக்கியாவுக்கு 36. தாமதத்தால் பணம் பெருகியது, சண்டை மெலிந்தது. 2002ல் லூயிஸ் - டைசனும் இதே கதை, இரண்டு சேனல் கூட்டு, இருவருக்கும் உச்சம் கடந்துவிட்டது. ஸ்பென்ஸ் - கிராஃபோர்ட் சண்டை, கிராஃபோர்ட் 2021ல் டாப் ரேங்கை விட்டு வெளியே வந்த பிறகுதான், 2023 ஜூலையில் நடந்தது.

ஒதுங்கி நிற்பதற்கும் காசு உண்டு. 1996ல் லெனாக்ஸ் லூயிஸ் டைசனுடன் மோதும் உரிமையைத் தள்ளிவைக்க 40 லட்சம் டாலர் வாங்கினார். ரிங்கில் ஏறாமலே!

நாலு பெல்ட் அமைப்புகள் எதற்கு? பர்ஸ் ஏலம் என்றால் என்ன?

டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. ஒவ்வொரு பட்டச் சண்டையிலும் கட்டணம் வாங்கிப் பிழைப்பவை, ஆகவே பட்டங்கள் பெருகினால் வருமானம் பெருகும். இடைக்காலச் சாம்பியன் அது இது என்று புதுசு புதுசாக வருவதற்கு வேறு பெரிய காரணம் தேட வேண்டாம். டிவிக்கும் போஸ்டரில் 'உலகப் பட்டம்' என்று போட முடிவதில் வசதி.

ஒரு நன்மை உண்டு: கட்டாயச் சவாலாளர் விதி. அந்த வரிசையில் வந்தவரோடு சாம்பியன் மோதியே ஆக வேண்டும். தொகையில் உடன்பாடு வராவிட்டால் சண்டையை ஏலத்தில் விடுவார்கள், யார் அதிகம் எழுதுகிறாரோ அவர் நடத்தலாம். 2021 பிப்ரவரியில் டியோஃபிமோ லோபஸ் - ஜார்ஜ் கம்போசோஸ் ஏலத்தில் லோபஸின் சொந்த புரமோட்டர் டாப் ரேங்க் எழுதியது சுமார் 23 லட்சம் டாலர், மேட்ச்ரூம் 35 லட்சம், யாரும் எதிர்பாராமல் டிரில்லர் என்ற செயலி நிறுவனம் 60 லட்சத்துக்கு மேல். சீல் வைத்த உறையைத் திறந்த அந்த ஒரு நிமிஷத்தில், சொந்த முதலாளி போட்ட விலை என்ன, வெளியே விலை என்ன என்பது வீரருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் டிரில்லர் தேதியை மாற்றி மாற்றி, கடைசியில் நடத்தாமல் போனது, சண்டை அடுத்து எழுதியிருந்த மேட்ச்ரூமுக்கு அந்த 35 லட்சத்துக்கே வந்தது. நவம்பரில் லோபஸ் தோற்றார், பெல்ட்டுகளும் போயின. பெரிய எண்ணைப் பார்த்ததும் துள்ளக் கூடாது, அதைக் கட்டுவதற்கு ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

சவூதி பணம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அரசு சைட் ஃபீ கொடுப்பது புதிதல்ல. 1974ல் ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் மொபுட்டு அரசு அலிக்கும் ஃபோர்மேனுக்கும் தலா 50 லட்சம் டாலர் கொடுத்தது. டான் கிங்கிடம் கையெழுத்துகள் இருந்தன, காசு இல்லை. அமெரிக்கத் தியேட்டர்களுக்குத் தோதாக அந்நாட்டுத் தலைநகர் கின்ஷாசாவில் விடிகாலை நாலு மணிக்குச் சண்டை வைத்தார்கள். 1988ல் டைசன் - ஸ்பிங்க்ஸ் சண்டையை அட்லாண்டிக் சிட்டிக்கு இழுக்க, அப்போது அங்கே கேசினோ முதலாளியாக இருந்த டிரம்ப் கொடுத்தது 1.1 கோடி டாலர், சண்டை 91 வினாடி. கேசினோவுக்கு அது நஷ்டமில்லை, அன்று இரவு மேசைகளில் வரும் பெரிய சூதாட்டக்காரர்கள்தான் இலக்கு.

சவூதியில் வித்தியாசம், போட்ட பணம் டிக்கெட்டிலோ டிவியிலோ திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நாட்டின் பெயர் பேசப்பட்டால் போதும். ஆகவே 2019ல் ஜோஷுவா - ருயிஸ் இரண்டாம் சண்டையில் தொடங்கி, வழக்கமாக நடக்காத சண்டைகளெல்லாம் நடந்தன, 2024 மே மாதம் ரியாதில் ஃபியூரி - உசிக் உட்பட. ரசிகனாக மகிழ்ச்சி. மனித உரிமைகள் பற்றிய கேள்வி கூடவே நிற்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. வியாபாரமாகப் பார்த்தாலும் எனக்குக் கவலைதான், ஒரே ஒருவர் பணப்பையை மூடினால் இன்று பேசப்படும் பர்ஸ் தொகைகளை வேறு யாரும் கொடுக்க முடியாது.

திருட்டு ஸ்ட்ரீம் பெரிய பாதிப்பா?

ஆமாம். 2015லேயே பெரிஸ்கோப் செயலியில் டிவியை நோக்கிப் போனைப் பிடித்து ஒளிபரப்பினார்கள். சண்டை ஒரே இரவில் விற்க வேண்டிய சரக்கு, மறுநாள் முடிவு தெரிந்துவிட்டால் மதிப்பு சுழி. அனுமதி வாங்காமல் காட்டிய பார்கள்மீது அமெரிக்காவில் வருஷம் முழுக்க வழக்குகள் நடக்கின்றன. ஆனால் விலை 80, 90 டாலர் என்று இருக்கும்வரை இது குறையப் போவதில்லை.

விற்பனை எண்ணிக்கையை நம்பலாமா?

சாதனை படைத்தால் அறிவிப்பார்கள். அறிவிப்பு வரவில்லை என்றால் சரியாக விற்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். தணிக்கை செய்து வெளியிடும் பொது அமைப்பு கிடையாது.

கலப்புத் தற்காப்புக்கலைச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி மாதிரி ஒரே நிறுவனம் நடத்தினால் சரியாகிவிடாதா?

சண்டைகள் சீக்கிரம் நடக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பணம் எங்கே போகும்? யுஎஃப்சி மீது வீரர்கள் போட்ட ஏகபோக வழக்கு 37.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது, அதில் வீரர்கள் தரப்பு சொன்னது, நிறுவன வருமானத்தில் வீரர்களுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று. பெரிய குத்துச்சண்டை இரவில் பாதிக்கு மேல் ரிங்கில் ஏறியவர்களுக்குப் போவது சாதாரணம். அலி சட்டத்தைத் திருத்தி, ஒரே அமைப்பு தரவரிசை, பட்டம், புரமோஷன் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள்ள வழிசெய்யும் மசோதா 2025ல் அமெரிக்க காங்கிரசில் வந்தது. சுற்றுக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச ஊதியமும் அதில் இருக்கிறது, அது நல்ல விஷயம், அடிமட்ட வீரருக்கு உடனே உதவும். ஆனால் வருமானத்தை வீரரிடம் சொல்லியாக வேண்டும் என்ற பழைய பாதுகாப்பு இந்த அமைப்புகளுக்குத் தளர்ந்தால், கீழே கொடுத்ததை மேலே பல மடங்காக எடுத்துக்கொள்வார்கள். நான் அந்த மாற்றத்துக்கு எதிர்.

டிவியே இல்லாத சின்ன ஹால் வீரர் எப்படிப் பிழைக்கிறார்?

பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு. பிரிட்டனில் சின்ன ஹால் சண்டைகள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். உள்ளூர்ப் பையன் கையில் புரமோட்டர் ஒரு கட்டு டிக்கெட் கொடுப்பார். அவன் பயிற்சி முடிந்து வியர்வையோடு போனை எடுத்து, மாமா, பழைய பள்ளி நண்பர்கள், வேலையிடத்து ஆட்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விற்க வேண்டும். விற்ற பணத்திலிருந்து முதலில் எதிராளியின் ஊதியம் கழியும், ஹாலின் பங்கு கழியும், அப்புறம் மிச்சம் இருந்தால் அதில் ஒரு சதவீதம் அவனுக்கு. எதிர் மூலையில் நிற்பவர் பெரும்பாலும் ஜர்னிமேன், வாரக் கடைசியில் ஊர் ஊராகப் போய்ப் புள்ளிகளில் தோற்றுவிட்டு, அடுத்த வாரமும் சண்டை போடும் அளவுக்கு முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு திரும்புபவர். அன்றைய இரவில் நிச்சயமாகச் சம்பளத்தோடு போவது பல சமயம் அவர் மட்டும்தான்.

நன்றாகக் குத்தத் தெரிந்தும் டிக்கெட் விற்கத் தெரியாதவன் அந்த ஜர்னிமேனின் எதிர் மூலைக்கே தள்ளப்படுவான், டிவிக்கு எட்டும் முன்பே தொழில் முடிந்துவிடும். திறமைக்கும் வாய்ப்புக்கும் நடுவில் இப்படி ஒரு வடிகட்டி இருப்பது எனக்கு இந்தத் தொழிலில் ஆக வேதனையான விஷயம். இந்த மாதிரி ஹால் சண்டைக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். டிக்கெட்டைக் கவுண்டரில் வாங்காமல் அந்த வீரரிடமே கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் அவர் கையால் விற்றது மட்டும்தான் அவர் கணக்கில் ஏறும்.